அல்லைப்பிட்டியில் நின்ற கார்

யாராவது ஒரு வாகனத்தைக் கொண்டுவந்து, "அக்கா, முன்னைப்போல இழுக்குதில்லை" என்று சொன்னால் நான் உடனே பொனற்றைத் திறக்கச் சொல்ல மாட்டேன். பின் இருக்கையில் ஏறி இருந்து, "ஓட்டும் பாப்பம்" என்பேன். மூன்று கட்டைத் தூரம் போதும். பெற்றோல் காணாதா, காற்றுக் காணாதா, நெருப்புச் சரியாக விழவில்லையா, இல்லை பிறேக் இறுகிக் கிடந்து சில்லைப் பிடிக்கிறதா என்று இருந்த இடத்தில் இருந்தே சொல்லிவிடுவேன். வவுனியாவில் இரண்டு பஸ், மூன்று வான், வாகனம் திருத்த ஒரு கராச் என்று வைத்திருந்தவள் நான். படித்த என்ஜினியர்மார் என் கராச் வாசலில் கைகட்டி நின்று கேட்டுப் போயிருக்கிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒரு காரின் நோயை அறிய எனக்குப் பதினெட்டு வருடம் பிடித்தது. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நீங்கள் என் வயதுக்காரர்கள். உங்களில் பாதிப்பேருக்குக் காது கேளாது, மீதிப்பேருக்கு நேரம் போகாது. ஆகவே உங்களுக்குச் சொல்லலாம்.

அம்மா செத்துப் போனபோது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குத் தெற்கே கடை. வருடத்துக்கு இரண்டு தரம் வந்து போகிற மனிதர் ஒரு பெண்பிள்ளையை வைத்து என்ன செய்வார்? யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், கரம்பொனில் இருந்த தன் அக்காவிடம் என்னைக் கொண்டுவந்து விட்டார். எனக்கு மாமி. மாமா மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்தவர். பிள்ளைகள் இல்லை. பெரிய வீடு. ஆறு அறை, மூன்று பேர். சோளகக் காற்று ஒரு யன்னலால் நுழைந்து எல்லா அறையும் பார்த்துவிட்டு மற்ற யன்னலால் போகும். அதைவிட அந்த வீட்டில் நடமாட்டம் இல்லை.

எனக்கு இடது காதில் சீழ். எப்போதும் பஞ்சு வைத்திருப்பேன். மருந்தும் சீழும் கலந்த அந்த மணத்தால் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இடப்பக்கம் நின்று யாராவது பேசினால் எனக்குக் கேட்காது. மாமி குசினிக்குள் இருந்து கூப்பிடுவா, நான் பேசாமல் இருப்பேன், "செருக்கு" என்பா. மாமா ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார், நான் செய்யாமல் இருப்பேன், "மந்தம்" என்பார். அந்த வீட்டில் என் இடப்பக்கம் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு முழுப் பிள்ளைப்பருவம் வரும். அது எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது கார். தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலில் நின்ற, முதுகு கூனின, பச்சை நிறக் கார். மாமா வாங்கும்போதே அதற்குப் பத்து வயதுக்கு மேல். அதன் றெக்சின் இருக்கை வெயிலில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோல் உரிகிறமாதிரிச் சத்தம் வரும். புதன்கிழமைகளில் அந்தக் காரில் நான் யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்குக் காது கழுவப் போவேன். துணைக்கு மாமி வருவா. ஓட்டுவது றைவர் அண்ணை.

றைவர் அண்ணை நெடுந்தீவார், அந்தோனியாரைக் கும்பிடுகிற வேதக்காரர். முப்பது வயது இருக்கும். எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் ஒரு றங்குப் பெட்டியோடு தங்கியிருந்தார். வந்த முதல் நாளே என்னிடம், "பிள்ளைக்கு எந்தக் காது நல்லது?" என்று கேட்டார். நான் வலது காதைத் தொட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதென்றால் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றுதான் பேசுவார். இவ்வளவுதான் அவர் எனக்குச் செய்தது. இதற்கு மேல் ஒருவர் எனக்கு எதுவும் செய்ததில்லை.

அவருக்கு அந்த வருடம் நெடுந்தீவிலேயே ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். கிறிஸ்மஸ் முடியக் கலியாணம். "பொம்பிளையின்ரை தேப்பன் பள்ளிக்கூடச் சட்டம்பியார், பிள்ளை. மாப்பிளை குடியனோ எண்டு ஊர் ஊராக் கேட்டுத் திரியிறாராம்" என்று சிரித்தபடி சொல்வார். "நான் தேத்தண்ணிக்கே சீனி போடாதவன்."

மாமாவுக்கு ஒரே ஓர் எதிரி, உப்புக் காற்று. தீவில் இருந்த எல்லோருக்கும் அது எதிரிதான். மாமா அதோடு போர் நடத்தினார். மலாயாவில் இருந்து கொண்டுவந்த மணிக்கூட்டுக்குச் சட்டை தைத்துப் போட்டிருந்தார். பூட்டுகளின் திறப்புகளைத் தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குள் ஊறவைத்திருப்பார். வேண்டும்போது ஈர்க்கால் கிளறி எடுத்துத் துடைப்பார். கதவு நீக்கல்களுக்குக் கடதாசி ஒட்டினார். காரில் துருப் பிடிக்கக்கூடிய இடமெல்லாம் கொழுப்புப் பூசினார். "என்ரை காருக்குள்ளை ஒரு பொட்டு உப்புக் காத்துப் போகேலாது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

எனக்குப் பத்து வயதானபோது ஒரு மாரி மழையில் பெற்றோலுக்குள் தண்ணீர் கலந்துவிட்டது. மாமா பட்டணத்தில் பெற்றோல் தாங்கிக்குப் புது மூடி ஒன்று வாங்கிவந்தார், பூட்டுப் போட்டது. திறப்பு அவரிடம். விறாந்தையில் கதிரையைப் போட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இஞ்சை வந்து பார்" என்று மாமியைக் கூப்பிட்டார். மூடியின் உட்புறத்தில் ஊசி முனை அளவில் ஓர் ஓட்டை.

"புதுச் சாமான், ஓட்டையோடை தந்திருக்கிறான். என்னைப் பேயன் எண்டு நினைச்சிட்டான்."

"குடுத்து மாத்துங்கோவன்."

"அதுக்கு ஒருக்காப் பட்டணம் போறதே? இஞ்சை அடைப்பிச்சாப் போச்சு."

அந்தக் கிழமை ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற மனிதர் ஒருவர் ஊருக்குள் வந்திருந்தார். எங்கள் குசினிக்குப் பின்னால் கரி நெருப்பை ஊதிக்கொண்டு குந்தியிருந்தார். மாமா என்னிடம் மூடியைக் கொடுத்துக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு பெரிய வேலை என் கையில் ஒப்படைக்கப்பட்டது அதுதான் முதல் தரம். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். அந்த மனிதர் மூடியைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இதைத்தான் அடைக்கச் சொன்னவரோ?"

"ஓம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம்."

"சரி. என்ரை வேலை அடைக்கிறது" என்றார். ஒரு துளி ஈயம், பருப்பளவு, பளிச்சென்று உட்கார்ந்தது. நான் கொண்டுவந்து கொடுத்தேன். மாமா ஊதிப் பார்த்து, தலையை ஆட்டி, "இப்ப சரி" என்றார். றைவர் அண்ணை அப்போது தாய்க்குச் சுகமில்லை என்று நெடுந்தீவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது புது மூடி காரில் பூட்டி இருந்தது.

அதன்பிறகு வந்த முதல் புதன்கிழமை கார் நின்றது.

ஊர்காவற்றுறைப் பக்கத்து வீடுகள் பின்னால் போய், வேலணை வயல்வெளி தாண்டி, மண்கும்பான் மணல் வந்ததும் இஞ்சினின் குரல் மெலிந்தது. றைவர் அண்ணை கியரைக் குறைத்தார். கொஞ்சம் ஓடியது. பிறகு மூச்சு வாங்கியது. விக்கியது. அல்லைப்பிட்டியில் பனங்கூடல் வரும் இடத்தில், கள்ளுத் தவறணைக்கு நேரே, ஒரு பெருமூச்சோடு நின்றது. காற்றில் கள்ளின் புளித்த மணமும் கரையில் ஒதுங்கின சாதாளைப் பாசியின் மணமும் வந்தன. மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினா.

"உமக்கு நிப்பாட்ட வேறை இடம் கிடைக்கேல்லையோ?"

"நானோ நிப்பாட்டினனான் அம்மா? அதுவா நிண்டது."

அவர் பொனற்றைத் திறந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். சூடு என்று நினைத்தார். தண்ணீர் விட்டால் ஆறும் என்று ஒரு தகரப் பேணியை எடுத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு நினைத்த இடத்தில் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். உப்புத் தண்ணீரை இஞ்சினுக்கு விடவும் முடியாது. அந்த இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. அது தவறணை வளவுக்குள் இருந்தது. றைவர் அண்ணை படலையைத் திறந்து உள்ளே போனார், பேணி நிறையத் தண்ணீரோடு வந்தார், விட்டார். அரை மணித்தியாலம் கழித்துச் சாவதானமாக இஞ்சின் எழும்பியது. கடலுக்குக் குறுக்கே போகிற பண்ணைத் தாம்போதியில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிப் பட்டணம் போய்ச் சேர்ந்தது.

பட்டணத்து மெக்கானிக்கிடம் காட்டினோம். மாமா மாமியிடம் கொடுத்துவிட்டிருந்த திறப்பை அவர் வாங்கி மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பெற்றோல் எவ்வளவு என்று பார்த்து, திரும்ப மூடினார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். காபிரேற்றரைக் கழற்றி ஊதினார். கோட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். "வண்டியிலை ஒரு வருத்தமும் இல்லை அம்மா. குதிரை மாதிரி" என்றார். திரும்பி வரும்போது வேலணை வயலுக்குள் நின்றது. அங்கே தவறணை இல்லை. அதைப் பிறகு ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த புதனும் அல்லைப்பிட்டி. அதற்கடுத்த புதனும் அல்லைப்பிட்டி. மாமா செவ்வாய் மாலையில் தானே போய்த் தாங்கி தளும்பத் தளும்பப் பெற்றோல் அடிப்பித்துப் பூட்டிக்கொண்டு வருவார். அதே அளவு பெற்றோல், அதே றோட்டு. அதே இடத்தில் நின்றதில் புதினம் என்ன? இன்று எனக்கு விளங்குகிறது. அன்று ஊருக்கு விளங்கியது வேறு.

மூன்றாவது புதன் நான் பின் இருக்கையில் சரிந்து, இடது காது வலியில், வலது காதை இருக்கையின் முதுகில் அழுத்திப் படுத்திருந்தேன். கெட்ட காதுக்கு வலி வந்தால் நல்ல காதை எங்கேயாவது ஒளிக்கவேண்டும்போல இருக்கும். மண்கும்பான் வந்தது. இருக்கைக்குப் பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம். வெற்றுத் தகரப் பேணியை ஒருவர் விரலால் அமத்தினால் குழி விழும், அந்தச் சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "டொக்". அதன்பிறகுதான் இஞ்சின் மெலிந்தது.

கார் நின்றது. மாமி குடையை விரித்துக்கொண்டு பூவரச நிழலுக்குப் போனா. றைவர் அண்ணை சுற்றி வந்து என் வலப்பக்க யன்னலில் குனிந்தார்.

"என்ன பிள்ளை, நோகுதோ?"

"அண்ணை, நிக்கிறதுக்கு முதல் பின்னுக்கு டொக் எண்டு கேட்டது. ரெண்டு தரம்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவர் பின் கதவைத் திறந்து ஏறி, என்னைப்போலவே இருக்கையில் காதை வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டார். அவருடைய மயிரில் தேங்காயெண்ணெய் மணத்தது.

"இப்ப ஒண்டும் கேக்கேல்லை. எண்டாலும் பிள்ளைக்குக் கேட்டதெண்டாக் கேட்டதுதான். உதுக்குப் பின்னாலை இருக்கிறது பெற்றோல் ராங்கி." நேரே மாமியிடம் போனார். "அம்மா, மூடித் திறப்பை ஒருக்காத் தாங்கோ."

"ஏன்?"

"ராங்கியைப் பாக்கவேணும்."

"ராங்கியிலை என்ன பாக்கக் கிடக்கு? அவர் நேற்று நிறைச்சு விட்டவர். பெற்றோல் இல்லாமல் நிக்கேல்லை."

"எண்டாலும் ஒருக்கா."

"தவறணை வாசலிலை நிண்டுகொண்டு பெற்றோல் திறப்புக் கேக்கிறீர். நல்லாயிருக்கு."

மாமி திறப்பு இருந்த கைப்பையை மார்போடு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டா. றைவர் அண்ணை பேணியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்த் தபால்காரர் சைக்கிளில் வந்தார். தவறணைப் படலைக்குள்ளால் றைவர் அண்ணை வெளியே வருவதைக் கண்டார். பேணியையும் கண்டிருப்பார்தான். ஆனால் தபால்காரர் வீடு வீடாகக் கொண்டுபோன செய்தியில் பேணிக்குள் தண்ணீர் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் மாமி மாமாவிடம் சொன்னா. நான் விறாந்தைத் தூணோடு நின்றேன். எல்லாம் என் வலப்பக்கம் நடந்தது.

"மூண்டு கிழமையும் அதே இடம். உள்ளுக்குப் போட்டு வாறார். வந்தாப்போலை கார் ஓடுது. இண்டைக்குத் திறப்பும் கேக்கிறார்."

"பெற்றோலை இறக்கிக் குடுத்திட்டுக் குடிக்கிறான்போலை" என்றார் மாமா. அதுவரை 'அவர்' என்று இருந்தவர் அந்த ஒரு வசனத்தில் 'அவன்' ஆகிவிட்டார்.

றைவர் அண்ணைக்கும் கதை எட்டியது. அவர் விறாந்தைக்குக் கீழே வந்து நின்றார். சேட்டுப் பொத்தான் எல்லாம் பூட்டியிருந்தார்.

"ஐயா, நீங்கள் ஒருக்கா வாற புதன் கூட வாங்கோ. உங்கடை கண்ணாலை பாருங்கோ. நான் கலியாணம் செய்யப்போறவன். இந்தக் கதை நெடுந்தீவுக்குப் போனா எனக்கு அங்கை முகம் இல்லை."

"வாறன்" என்றார் மாமா. "கட்டாயம் வாறன்."

நான் அந்தக் கிழமை முழுவதும் நல்லூரானுக்கும் கரம்பொன் மாதாவுக்கும் ஒரே நேர்த்தி வைத்தேன். கார் நிற்கவேண்டும். மாமா இருக்கும்போதே, மண்கும்பானில் மெலிந்து, அல்லைப்பிட்டியில் நிற்கவேண்டும். கார் நின்றால் றைவர் அண்ணை இருப்பார்.

புதன் வந்தது. மாமா முன் இருக்கையில் அளவுக் குச்சி ஒன்றோடு ஏறினார், மலாயாவிலிருந்து கொண்டுவந்த, கோடு போட்ட மரக்குச்சி. நான் பின்னால் காதை அழுத்திப் படுத்துக்கொண்டேன். வேலணைச் சந்தியில், "நிப்பாட்டும்" என்றார். இறங்கிப் போய்த் திறப்பைப் போட்டு மூடியைத் திறந்தார். "உஸ்" என்று நீளமாக ஒரு சத்தம், பாம்பு சீறுவதுபோல. அதோடு இருக்கைக்குப் பின்னால் "டொக்" என்று குழி நிமிர்ந்தது. மாமா குச்சியை விட்டு அளவு பார்த்து, ஒரு கொப்பியில் குறித்து, மூடிப் பூட்டினார். மண்கும்பானில் திரும்பவும் நிறுத்தச் சொன்னார். திரும்பவும் திறந்தார். திரும்பவும் "உஸ்". வழியில் பெற்றோல் களவு போகிறதா என்று பார்க்கிறாராம்.

அல்லைப்பிட்டி வந்தது. பனங்கூடல் வந்தது. தவறணை வந்தது. தவறணை போனது.

அந்தப் பழைய கார் அன்று ஓடினதுபோல் என்றும் ஓடவில்லை. தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல் விரிந்து கிடக்க, இழுவை குறையாமல், தும்மாமல், பறந்தது. நான் றைவர் அண்ணையின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிறுகச் சிறுகக் குனிந்தது. நல்லாக ஓடுகிற காரை ஓட்டிக்கொண்டு ஒருவர் அப்படிக் குனிந்ததை நான் அதன்பிறகு காணவில்லை. மாமா குச்சியைத் தொடையில் தட்டியபடி, "என்ன, இண்டைக்கு வருத்தம் வரேல்லையோ?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் வைத்தே கதை முடிந்தது.

"நான் இருந்தா ஓடுது. நான் இல்லாட்டி நிக்குது. இஞ்சினுக்கு ஆள் தெரியுமோ?"

"ஐயா, அந்தோனியாராணை நான்..."

"சத்தியம் வேண்டாம். பெட்டியை எடுத்துக்கொண்டு போ."

நான் ஓடிப்போய் மாமாவின் முன்னால் நின்றேன். அந்த வீட்டில் ஒருவரும் கேட்காமல் நான் வாய் திறந்தது அதுதான் முதலும் கடைசியும்.

"மாமா, நீங்கள் மூடியைத் திறக்கேக்கை உஸ் எண்டு கேட்டது. ரெண்டு தரமும் கேட்டது. அதுக்குப் பிறகுதான் நல்லா ஓடினது."

மாமா என்னைப் பார்த்தார். கோபமில்லை. நல்ல பகிடி ஒன்று வாய்க்கு வந்த மனிதரின் முகம் அது.

"எந்தக் காதாலை கேட்டனி?"

மாமி சிரித்துவிட்டா. பாவம், சிரிக்கவேண்டும் என்று நினைத்துச் சிரிக்கவில்லை, வந்துவிட்டது. நான் பஞ்சைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

றைவர் அண்ணை றங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படலையடிக்குப் போனார். பிறகு பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்தார். சுற்றி என் வலப்பக்கம் வந்தார்.

"காதுக்குள்ளை தண்ணி விடாதேங்கோ பிள்ளை" என்றார்.

அதன்பிறகு வேறு றைவர் வைக்கவில்லை. மாமா தானே ஓட்டினார். ஊர்காவற்றுறைச் சந்தைக்கும் கோயிலுக்கும். இரண்டு கட்டை, மூன்று கட்டை. கார் ஒரு நாளும் நிற்கவில்லை. "பாத்தியளோ, இப்ப நிக்குதோ?" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். பட்டணத்துக்கு அவர் ஓட்டமாட்டார், கண் போதாது. மாமி பஸ்ஸில் ஏறமாட்டா. ஆசுபத்திரிப் புதன்கிழமைகள் நின்றுபோயின. அடுத்த மாரிக்குள் என் இடது காது அடியோடு போனது. வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருத்தினார்கள். பிறகு நானாகவே போகாமல் விட்டேன். நெடுந்தீவில் சட்டம்பியார் தன் மகளை வேறு இடத்தில் கலியாணம் செய்துகொடுத்தார் என்று கேள்வி. பின்னேரங்களில் நான் கொட்டிலுக்குள் போய், நிற்கிற காரின் பின் இருக்கையில் காதை வைத்துப் படுத்திருப்பேன். கிடுகுக்குள் காற்று உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

நான் எப்படி முன்னுக்கு வந்தேன் என்பதை முழுக்கச் சொன்னால் உங்களுக்குப் பொழுது போதாது. என்னைக் கட்டினவர் ஒரு பழைய வானை என் தலையில் விட்டுவிட்டு அரபு நாட்டுக்குப் போனார்; போனவர் போனவர்தான். வானை விற்கச் சொன்னார்கள். நான் ஓட்டப் பழகினேன். பிறகு கழற்றப் பழகினேன். ஒரு காதுதான், ஆனால் அந்த ஒரு காதில் ஒரு நீளத் திருப்புளியை வைத்து மற்ற நுனியை இஞ்சினில் வைத்தால் உள்ளே ஒரு மணல் உருண்டாலும் எனக்குத் தெரியும். முப்பது வயது ஆக முதல் என் பெயரில் இரண்டு வானும் ஒரு கராச்சும் இருந்தன.

எனக்கு இருபத்தெட்டு வயதான வருடந்தான் மாமா காலமானார். காரை விற்கப்போவதாக மாமி எழுதியிருந்தா. நான் போனேன். அது தேவையில்லாத கார். ஆனால் அந்தப் படலைக்குள்ளால் என் உழைப்பில் ஒரு பொருளை வெளியே எடுத்துப்போகவேண்டும் என்று எனக்கு வீம்பு. மாமி சொன்ன விலைக்கு மறு பேச்சுப் பேசாமல் வாங்கினேன். மாமி தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சரித்து, ஈர்க்கால் கிளறி, மூடித் திறப்பை எடுத்துத் துடைத்துத் தந்தா. பிறகு ஏதோ சொன்னா. இடப்பக்கம் நின்று சொன்னா. நான் தலையை ஆட்டினேன்.

ஊர்காவற்றுறையில் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்துக்கொண்டு நானே ஓட்டினேன். வேலணை போனது. மண்கும்பானில் குரல் மெலிந்தது. என் கை தானாகவே கியரைக் குறைத்தது. அல்லைப்பிட்டியில், பனங்கூடலுக்கு நேரே, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

நான் இறங்கிப் போய்த் திறப்பைப் போட்டேன். "உஸ்" என்றது. உள்ளே தகரம் "டொக்" என்று நிமிர்ந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில் பருப்பளவு ஈயம். பதினெட்டு வருடத்தில் கறுத்திருந்தது.

கராச் வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி. பெற்றோல் தாங்கி மூச்சு விடவேண்டும். பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்குத்தான் அந்த ஊசி முனை ஓட்டை. அதை அடைத்தால் பத்துக் கட்டை ஓடுவதற்குள் உள்ளே வெறுமை பிடித்து, தகரம் குழி விழுந்து, பெற்றோல் வரமாட்டேன் என்று நிற்கும். அரை மணித்தியாலம் விட்டால் மூடியின் விளிம்பால் காற்றுக் கசிந்து திரும்ப ஓடும். தண்ணீர் விட்டதால் ஓடவில்லை. கள்ளுக் குடித்ததாலும் ஓடவில்லை. மாமா களவு பிடிக்க மூடியைத் திறந்த ஒவ்வொரு தரமும் காரைச் சுகப்படுத்திவிட்டார். எத்தனையோ வாகனங்களுக்கு இந்த வருத்தத்தை நான் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரு தரமாவது பச்சைக் கார் நினைவுக்கு வந்திருக்கவேண்டாமா? அந்த மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனவள் நான்.

அடுத்த கிழமை குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் படகு ஏறினேன். மூடி கைப்பைக்குள். நெடுந்தீவில் விசாரித்தேன். கல்வேலிகளுக்கு நடுவே ஓர் ஒற்றை வீடு. ஆறேழு மாடு. றைவர் அண்ணை மெலிந்து கறுத்து, தலை நரைத்து, தனியாக இருந்தார். என்னை மட்டுக்கட்டக் கொஞ்ச நேரம் எடுத்தது. மட்டுக்கட்டியதும் எழும்பி, சுற்றி என் வலப்பக்கம் வந்தார்.

நான் மூடியை அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பினார். பெருவிரல் ஈயத்தில் தடக்கி நின்றது. வாயில் வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை. இன்னொருக்கால் ஊதினார்.

"ஆர் அடைச்சது?"

"மாமா அடைப்பிச்சவர். நீங்கள் அப்ப இஞ்சை வந்து நிண்டனீங்கள். கொண்டுபோய்க் குடுத்தது நான்."

அவர் உள்ளே போய் ஓர் ஆணியும் கல்லும் எடுத்துவந்தார். படியில் குந்தி, மூடியைக் கவிழ்த்து, ஈயத்தின் நடுவில் ஆணியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். ஊதினார். மெல்லிசாக விசில் மாதிரிக் காற்றுப் போனது. என் கையில் தந்தார்.

"இனி ஓடும்."

மாடு ஒன்று கல்வேலியில் உரசிக்கொண்டு நின்றது. அவர் அதைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்தத் தவறணைக் கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி, பிள்ளை" என்றார். "நான் அங்கை குடிச்சது அது மட்டுந்தான்."

கராச்சுக்கு வரும்படி கேட்டேன். அறை தருகிறேன், ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் கதிரையில் இருந்து பார்த்தால் போதும் என்றெல்லாம் சொன்னேன். மாட்டை விட்டு வர ஏலாது என்றார்.

இறங்குதுறை வரைக்கும் வந்தார். வழி முழுக்க வலப்பக்கம் நடந்தார். நான் லோஞ்சில் ஏறி இடம் பிடித்து இருந்தேன். இஞ்சின் எடுத்தார்கள். கயிறு கழற்றினார்கள். அவர் கரையில் நின்று ஏதோ சொன்னார். வாய் அசைந்ததைக் கடைக்கண்ணால் கண்டேன். நான் இருந்த இருப்பில் கரை என் இடப்பக்கம் இருந்தது. திரும்பி நல்ல காதைக் கொடுப்பதற்குள் லோஞ்ச் விலகிவிட்டது. இஞ்சின் சத்தம் மேலே ஏறிவிட்டது. நான் கையால் காதைக் காட்டினேன். அவர் சிரித்துத் தலையை ஆட்டினார், நான் கேட்டுவிட்டேன் என்று நினைத்து.

பிறகு நான் அங்கே போகவில்லை. சண்டையில் போக ஏலாத காலம் வந்தது. அந்த லோஞ்ச் இஞ்சினில் ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதே கேட்டது. அவர் சொன்னது கேட்கவில்லை.